அரைப் புள்ளிக்காரன்

வைத்தியசாலை வாட்டிலிருந்து
12.02.2024

அன்பின் பவுலினாவுக்கு,

புனித அன்னம்மாள் உன்னையும் வீட்டையும் காக்கட்டும். எழுத்து கோணலாக இருக்கிறது என்று குறை சொல்லாதே. விரல் இன்னும் மடங்கவில்லை. பேனையைக் கையோடு பட்டி போட்டுக் கட்டிவிடுகிறார்கள். கடிதம் எழுதுவதும் எனக்கு ஒரு பயிற்சிதான். போனில் என்றால் நீ அழுகிறாய், நான் வைத்துவிடுகிறேன்.

சனிக்கிழமை ஆட்டத்தில் நான் சக்கரக் கதிரையோடு கவிழ்ந்ததும் நீ களத்துக்குள் ஓடி வந்து என்னைத் தூக்கியது எனக்குப் பெரிய வெட்கம். சில்லுக் கதிரை ரக்பியில் இடிப்பதும் கவிழ்வதும்தான் விளையாட்டு. கவிழ்ந்தவனை நிமிர்த்திவிட்டு மறுபடி இடிப்பார்கள். பதினாலு மாதமாக எல்லாரும் என்னை முட்டையைப் போலத் தூக்குகிறார்கள். இடிக்கிறவர்கள் இவர்கள் மட்டும்தான்.

இன்னொன்று. ஒவ்வொரு ஆட்டக்காரனுக்கும் உடற்பலத்தைப் பார்த்துப் புள்ளி போடுவார்கள். பலம் கூடியவனுக்கு மூன்றரைப் புள்ளி, என்னைப் போன்றவனுக்கு அரை. களத்தில் நிற்கும் நாலு பேருக்கும் சேர்த்து எட்டுக்கு மேல் போகக் கூடாது. அரைப் புள்ளிக்காரன் இருந்தால்தான் பலசாலிகளை இறக்கலாம். என்னைத் தேடுகிறார்கள், பவுலி. மார்ச்சில் என்னை வீட்டுக்கு விடப்போகிறார்கள். நான் இங்கே ஒரு அறை எடுத்து அணியோடு இருக்கட்டுமா?

உன் பஸ்தியான்


மாம்புரி
19.02.2024

அன்புள்ள அத்தானுக்கு,

இருக்கட்டுமா என்று கேட்டிருக்கிறீர்கள். வேண்டாம். தம்பி நிரோஜன் வாசற்படியை உடைத்து, கதிரை ஏறச் சாய்வாகச் சீமெந்து பூசிவிட்டான். பகலில் நான் மிளகாய்த் தோட்டத்துக்குப் போனாலும் மத்தியானம் வந்து உங்களைப் பார்ப்பேன்.

நீங்கள் இடிபடுவதைப் பார்க்க என்னால் முடியாது. ஏன் என்று சொல்லாவிட்டால் எனக்குப் பைத்தியம் பிடிக்கும். அன்று சங்கு குளித்துவிட்டு சிலிண்டரோடு மேலே வந்த உங்களுக்குக் கை விறைத்ததும், தம்பி வள்ளத்திலிருந்து எனக்குத்தான் போன் எடுத்தான்.

“அக்கா, கரைக்குக் கொண்டு வரவா, திரும்ப ஆழத்துல இறக்கவா?”

“இறக்கு. அப்பாவுக்கும் சங்கு குளிச்சு விறைச்சப்போ அப்படி இறக்கித்தானே ரெண்டு தரம் சுகமாச்சு” என்றேன்.

உங்களை ஆழத்தில் வைத்திருந்ததில் இரண்டு மணித்தியாலம் போனது. உடனே கொண்டுவந்திருந்தால் கையாவது தப்பியிருக்கும் என்று டொக்டர் சொன்னபோது நீங்கள் நினைவில்லாமல் கிடந்தீர்கள். நான் யாரிடமும் சொல்லவில்லை.

வீட்டுக்கு வாருங்கள். ஏசுங்கள். என் கையால் சோறு ஊட்ட விடுங்கள். வேறு எப்படி இதை நான் தாங்குவது?

பவுலினா


04.03.2024

பவுலினா,

எட்டு நாளாக இதை எழுதுகிறேன்.

எனக்குத் தெரியும். வள்ளத்தில் தம்பியின் போன் ஸ்பீக்கரில் இருந்தது, நான் பக்கத்தில் படுத்திருந்தேன். உன் குரலைக் கேட்டு எனக்குத் தைரியம்கூட வந்தது. வேண்டாம் என்று நானும் சொல்லவில்லை. குற்றம் உன்னுடையது மட்டும் இல்லை என்று தினமும் எனக்கே சொல்லிக்கொள்கிறேன். சொல்லியும் கோபம் போகவில்லை. நீ ஊட்டும் ஒவ்வொரு பிடிச் சோற்றிலும் அந்தக் குரல் எனக்குக் கேட்கும். ஏசமாட்டேன், முகத்தைத் திருப்பிக்கொள்வேன். அப்படி ஒரு வருடம் போனால் நீ உருகிச் செத்துப்போவாய்.

இங்கே வாரத்தில் மூன்று நாள் யாரையாவது குறுக்கே போய் மறித்து மோதுகிறேன். இரும்போடு இரும்பு மோதும்போது தலைக்குள் ஒரு சத்தமும் இல்லை. பிறகு ஒரு நாளைக்காவது உன்னைக் கோபமில்லாமல் நினைக்க முடிகிறது. மற்ற நாட்களில் முடியவில்லை. எப்போது தீரும் என்று தெரியாது, தீராமலும் போகலாம்.

அறை பார்த்துவிட்டேன். பத்தாம் திகதி போகிறேன். இப்போதைக்கு நீ வராதே. வந்து கூப்பிட்டால் உன்னோடு வந்துவிடுவேன், அதுதான் எனக்குப் பயம்.

பஸ்தியான்