நாற்பத்து மூன்றாம் நம்பர் தகடு

மார்ச் 3, செவ்வாய்

விடிந்ததும் மேய்ச்சல் நிலத்துக்குப் போனால் மேற்கு வேலியோரம் இரண்டு ஆடுகள் செத்துக் கிடக்கின்றன. 12, 71. இரண்டும் சினை. தொண்டையில் ஒரே கடி, ஒரு வாய்கூடத் தின்னவில்லை. நரியாக இருந்தால் வயிற்றைக் கிழித்திருக்கும். இது நாய் வேலை. பசிக்காகக் கூட இல்லை, விளையாட்டுக்கு.

காதிலிருந்து தகடுகளைக் கழற்றி டப்பாவில் போட்டேன். காதுத் தகட்டை எங்கள் வீட்டில் கம்மல் என்றுதான் சொல்வோம். ஆடு செத்தால் கம்மல் டப்பாவுக்குப் போகும். பழைய பிஸ்கட் டப்பா, கொட்டகை ஜன்னலில் இருக்கிறது.

வேலிக்கு அந்தப் பக்கம் தங்கச்சி வீடு. அவள் புருஷன் கப்பல் வேலைக்குப் போய் ஒன்பது வருஷம் ஆகிறது. போனவன் போனவன்தான். பிள்ளையும் இல்லை. ஒரு நாயை வைத்துக்கொண்டு அதற்குச் சீப்பு, போர்வை, கட்டிலில் இடம். தங்கச்சி பிள்ளை எனக்கு என்ன முறை? அதனால் நான் அதை மருமகன் என்றுதான் கூப்பிடுவது. முதலில் கோபித்துக்கொண்டாள், பிறகு அவளும் சிரித்துவிட்டாள். "வாடா மருமகனே" என்றால் வேலியைத் தாண்டிக் குதித்து வரும்.

இன்று கூப்பிடவில்லை. அதுவாகவே வந்து வாலாட்டியது. ஒரு உதை விட்டேன்.

மார்ச் 8, ஞாயிறு

88 போச்சு. அதே கடி.

வீட்டுக்காரி, "எல்லார் வீட்டுலயும்தான் நாய் இருக்கு, நம்ம வீட்டுலயும் இருக்கு" என்றாள். அவளுக்கு எப்போதும் இப்படி ஒரு குசும்பு. வாத்தியாரையும் மருமகனையும் ஒரே தட்டில் வைக்கிறாள்! வாத்தியார் என் மேய்ச்சல் நாய். நூற்று நாற்பது ஆடுகளையும் வரிசையில் நிறுத்தும், பேசினால் முறைக்கும், அதனால் அந்தப் பெயர். என் முட்டி போனதிலிருந்து அதுதான் எனக்குக் கால்.

மார்ச் 14, சனி

ஊர்மன்றக் கூட்டம். ஆடு வளர்ப்பவர்கள் எல்லோரும் வந்திருந்தோம். நாய் உரிமச் சட்டம் வந்துவிட்டது. ஒவ்வொரு நாய்க்கும் உரிமம், கழுத்தில் தகடு. உரிமக் கட்டணத்திலிருந்து ஆடு இழந்தவர்களுக்கு இழப்பீடு. தகடு உள்ள நாய் கடித்தால் பார்த்த சாட்சி வேண்டும், அதன்பிறகு அதை ஒப்படைக்க வேண்டும். தகடு இல்லாத நாய் ஆட்டு நிலத்தில் திரிந்தால், உரிமையாளரை விசாரித்த பின் சுடலாம் என்று வாசித்தார்கள்.

எழுந்தேன். "விசாரிச்சு முடிக்கிறதுக்குள்ள மந்தையே காலியாயிடும். ‘கேள்வி கேட்காமல்’னு போடுங்க" என்றேன். கைதட்டல். யாரோ, மேய்ச்சல் நாய்க்காவது விலக்கு உண்டா என்று கேட்டார். "நாய்னா நாய்தான்" என்று உட்கார்ந்தேன். மறுபடியும் கைதட்டல். வாழ்க்கையில் இரண்டு தடவை கைதட்டு வாங்கினேன், இரண்டும் இன்றைக்கு.

மார்ச் 27, வெள்ளி

ஆபீஸில் உரிமம் வாங்கினேன். சீக்கிரம் போனதால் வாத்தியாருக்கு 5. தங்கச்சி ஆடி அசைந்து வந்து 43 வாங்கினாள். தகடு செய்கிற ஆள் ஒருவரே போலிருக்கிறது, ஆட்டுக் கம்மலும் இதுவும் அச்சாக ஒன்று. பின்பக்கம் மட்டும் ‘நா’ என்று குத்தியிருக்கிறது. ‘நாய்’ என்று முழுதாகக் குத்தக்கூட மனசு வரவில்லை.

"என் மந்தையில நாப்பத்து மூணாம் நம்பர் நொண்டி ஆடு" என்றேன் தங்கச்சியிடம். "உன் மருமகன் நொண்டி இல்லண்ணா" என்று தகட்டை முத்தமிட்டாள். வரிசையில் நின்றவர்கள் சிரித்தார்கள். எனக்கு மானம் போயிற்று.

ஏப்ரல் 9, வியாழன்

பார்த்துவிட்டேன்.

வெளிச்சம் வந்துகொண்டிருந்தது. நொண்டி ஆடு, 43, தரையில் கிடந்தது. கால் இன்னும் உதைத்துக்கொண்டிருந்தது. அதன் தொண்டையில் வாயை வைத்திருந்தது வாத்தியார்.

என் வாத்தியார். என்னைப் பார்த்ததும் விட்டுவிட்டு வந்து காலடியில் உட்கார்ந்தது. மூக்கு வரை ரத்தம். ஆடுகளைத் திருப்பிவிட்டு வந்து உட்காருமே, அதே உட்கார்தல்.

தொட்டியில் வாயைக் கழுவிவிட்டேன். மூன்று தடவை. கயிற்றில் கட்டினேன்.

வீட்டுக்காரி: "நாய்க்கு முகம் கழுவி விட்டீங்களே. இருபத்தாறு வருஷத்துல எனக்கு ஒரு டம்ளர் தண்ணி எடுத்துக் குடுத்ததில்ல."

பார்த்தாளா? கேட்கவில்லை. கேட்டால் சொல்லிவிடுவாள்.

ஏப்ரல் 10, வெள்ளி

இழப்பீட்டுப் படிவத்தை மறுபடி படித்தேன். சொந்த நாய் சொந்த ஆட்டைக் கடித்தால் இழப்பீடு கிடையாது, நாயும் போகும். இதற்கும் நான் கைதட்டினேனா? தட்டியிருப்பேன்.

ஊரே என்னைப் பார்த்துச் சிரிக்கும். கூட்டத்தில் அவ்வளவு பேசினாயே, உன் வீட்டுக்குள்ளேயே வைத்திருந்தாயே என்பார்கள். அது போகட்டும். வாத்தியார் இல்லாமல் ஆடுகளை யார் திருப்புவது? நானா? இந்த முட்டியை வைத்துக்கொண்டா? ஒரே மாதத்தில் மந்தையை விற்க வேண்டியதுதான்.

வாத்தியார் போனால் நான் போனேன். மருமகன் போனால் யார் போவார்? ஒரு போர்வை மிச்சம்.

ஏப்ரல் 13, திங்கள்

கயிற்றைக் கடித்து அறுத்துவிட்டது. அன்றைக்கே சங்கிலி வாங்கியிருக்க வேண்டும். காலையில் 90 செத்துக் கிடந்தது, உடம்பு சூடாகவே இருந்தது.

எழுதித்தான் வைக்கிறேன். யார் படிக்கப் போகிறார்கள்?

முதலில் வாத்தியாரைக் கழுவி, கொட்டகைக்குள் போட்டுப் பூட்டினேன். துப்பாக்கிக்காரருக்குப் போன் செய்தேன். ஊர்மன்றத்தில் புதிதாகச் சேர்ந்த ஆள், சட்டத்தைத் தவிர யாரையும் தெரியாது. "செத்த ஆட்டுகிட்ட ஒரு நாய் நிக்குது, தகடு கிடகு எதையும் காணோம்" என்றேன். வேலிக்குப் போய், "வாடா மருமகனே" என்றேன்.

வந்தது. அன்றைக்கு உதைத்தேனே, அது நினைவிருந்தால் வந்திருக்குமா? ரொட்டித் துண்டை நீட்டினேன். அது தின்னும்போது குறடால் வளையத்தை வெட்டித் தகட்டை எடுத்தேன். கழுத்தை அசைக்காமல் காட்டிக்கொண்டு நின்றது. உண்ணி எடுக்கிறேன் என்று நினைத்திருக்கும். 90 கிடந்த இடத்துக்குக் கூட்டிப்போய் ரத்தத்தில் இன்னொரு துண்டைத் தோய்த்துப் போட்டேன். விலகி நடந்தால் என் பின்னாலேயே வருகிறது! கல்லை எடுத்து எறிந்தேன். நின்று பார்த்தது. விளையாட்டு என்று கல்லைக் கவ்விக்கொண்டு வந்தது. இரண்டாவது கல்லை விலாவில் எறிந்தேன். அப்புறம்தான் நின்றது.

துப்பாக்கிக்காரர் தூரத்திலிருந்தே கேட்டார், "உங்க நாயா?" இல்லை என்றேன். அது பொய் இல்லை.

ஒரு குண்டு போதவில்லை.

தங்கச்சி ஒரு காலில் செருப்போடு ஓடிவந்தாள். நான் சட்டைப்பையில் கையை விட்டு நின்றேன், உள்ளே தகடு. "தகடு போட்டிருந்தேனே, காலையிலகூடப் பாத்தேனே" என்று அதன் கழுத்து ரோமத்துக்குள் தேடிக்கொண்டே இருந்தாள். துப்பாக்கிக்காரர் அவளிடம் நம்பரைக் கேட்டுக் குறிப்பேட்டில் எழுதினார்: ‘43 — சுடப்பட்டது.’

அவள் பார்க்காதபோது தகட்டைக் கம்மல் டப்பாவில் போட்டேன். சரி, முடிந்தது.

ஏப்ரல் 14, செவ்வாய்

சங்கிலி வாங்கினேன்.

ஏப்ரல் 21, செவ்வாய்

எட்டு நாளாக ஒரு ஆடும் சாகவில்லை. சங்கிலி இருந்தால் எப்படிச் சாகும்? ஊர் சொல்கிறது, அந்த நாய் போனது, பீடை விட்டது என்று.

சாயங்காலம் தங்கச்சி வந்தாள். வாசலிலேயே நின்றாள். "என் வீட்டு நாயால உனக்கு அஞ்சு ஆடு போச்சேண்ணா. நான்தான் கண்ணை மூடிக்கிட்டு செல்லம் குடுத்துட்டேன். மன்னிச்சிடு" என்று அழுதாள். நாயின் போர்வையை எரித்துவிட்டாளாம், அந்தப் போர்வையைப் பார்த்தால் செத்த ஆடுகள் ஞாபகம் வருகிறதாம். தினமும் வந்து பட்டியைக் கூட்டி, தண்ணீர் காட்டி, கடனைக் கழிக்கிறேன் என்றாள்.

சொல்லியிருக்கலாம். வாய் வரை வந்தது. "சரி, காலையில ஆறு மணிக்கு வந்துடு" என்றேன்.

என்னடா மனுஷன் நீ?

ஆனால் முட்டிக்கு நல்லது.

ஏப்ரல் 26, ஞாயிறு

தங்கச்சி கொட்டகைக்குள் கூட்டுகிறாள், ஜன்னலைத் துடைக்கிறாள். டப்பாவைத் துடைக்கும்போது உள்ளே கலகலவென்று சத்தம். அவள் போனதும் கையை விட்டுத் துழாவி, 43 என்று இருந்ததை எடுத்துக் கிணற்றில் போட்டேன். ‘ப்ளக்’ என்று ஒரு சத்தம். இன்றுதான் மூச்சு விட்டேன்.

மே 4, திங்கள்

எழுத்து கோணல்மாணலாக வருகிறது.

இழப்பீட்டுக்குப் போனேன். "வா, உன் உரிமத்தையும் முடிச்சுட்டு வந்துடலாம்" என்று நானே தங்கச்சியை வண்டியில் ஏற்றிப்போனேன். நானே!

கவுன்ட்டர் அம்மா முதலில் தங்கச்சியிடம் தகடு கேட்டார். "தொலைஞ்சு போச்சும்மா" என்றாள். தகடு இல்லாமல் கணக்கு முடிக்க முடியாது, ‘நாய் இறந்தது’ என்று மட்டும் எழுதிக்கொள்கிறேன் என்றார். அடுத்தது நான். டப்பாவைக் கவிழ்த்தேன். 12, 71, 88, 43, 90. ஐந்து ஆடு, ஐந்து தகடு. அந்த அம்மா ஒவ்வொன்றாகத் திருப்பித் திருப்பி வைத்தார். நான்காவதைத் திருப்பியதும் கண்ணாடியை ஏற்றிக்கொண்டார்.

"இதுல ‘நா’ போட்டிருக்கே. இது நாய்த் தகடாச்சே?"

டப்பாவில் இரண்டு 43 இருந்தது. நொண்டி ஆட்டுடைய கம்மல், நாயின் தகடு. நம்பரைப் பார்த்தவன் முதுகைப் பார்க்கவில்லை. கிணற்றில் கிடப்பது நொண்டி ஆடு.

"நிலத்துல கெடந்துது, எடுத்துப் போட்டேன்" என்றேன்.

தங்கச்சி தகட்டைக் கையில் எடுத்தாள். வளையத்தை விரலால் தடவினாள். அறுந்திருந்தால் நீண்டிருக்கும். அது வெட்டியது, இரண்டு முனையும் குறடு வைத்த மாதிரி தட்டை. அவள் ஆட்டுக்காரன் வீட்டுப் பெண், அவளுக்கா தெரியாது?

"ஆமாம்மா, அண்ணன் கண்டெடுத்திருக்கும்" என்றாள். "இதை நான் கொஞ்ச நாள் வச்சிருந்துட்டுக் கொண்டுவந்து தரேன்."

வரும் வழியெல்லாம் தகட்டை உள்ளங்கையில் பொத்தி வைத்திருந்தாள். திட்டியிருந்தால் தேவலை.

மே 5, செவ்வாய்

ஆறு மணிக்குச் சரியாக வந்துவிட்டாள். கூட்டினாள். தண்ணீர் காட்டினாள்.

மே 8, வெள்ளி

"வாத்தியாரை ஏண்ணா இப்பெல்லாம் கட்டியே போடுற?"

"வயசாயிடுச்சு. கண்ணு சரியில்ல."

"எப்போலேர்ந்து கட்டுற?"

உள்ளேயிருந்து வீட்டுக்காரி சொன்னாள், "ஏப்ரல் பதினாலுலேர்ந்து." இவளை யார் கேட்டது?

மே 10, ஞாயிறு

இன்று மட்டும் ஐந்து தடவை வாத்தியார் கழுத்தைத் தடவிப் பார்த்தேன். தகடு இருக்கிறது. 5. இருக்கிறது.

மே 12, செவ்வாய்

காலையில் கடைசிக் கொட்டகையில் ஆட்டுக் குளம்பு வெட்டிக்கொண்டிருந்தேன். முற்றத்தில் தங்கச்சியின் குரல் கேட்டது. கொஞ்சுகிற குரல். ஒரு மாதமாகக் கேட்காத குரல்.

"வாடா மருமகனே."

யாரைக் கூப்பிடுகிறாள் என்று ஒரு நிமிஷம் புரியவில்லை. அப்புறம் உறைத்தது. அண்ணன் பிள்ளை அவளுக்கு என்ன முறை?

நொண்டிக்கொண்டு ஓடினேன். சங்கிலி கொக்கி கழன்று தரையில் கிடந்தது. மேய்ச்சல் நிலத்தில் வாத்தியார் ஆடுகளைத் திருப்பிக்கொண்டிருந்தது. கடிக்கவில்லை. வேலை செய்துகொண்டிருந்தது, ஒரு மாத ஆசை தீர. துப்பாக்கிக்காரர் செவ்வாய்க்கிழமை ரோந்துக்கு வருவது அவளுக்கும் தெரியும். அவர் விசிலடிக்க, வாத்தியார் போய் அவர் காலடியில் உட்கார்ந்தது. குனிந்து தகட்டைப் பார்த்தார். நான் கத்தினேன். தூரம்.

போய்ச் சேரும்போது முடிந்திருந்தது. ஒரு குண்டு போதுமாக இருந்தது.

"என் நாய்யா அது! அஞ்சாம் நம்பர்!"

"நாப்பத்து மூணு சார், பாருங்க. இந்த நம்பரை ஏப்ரல்ல நான்தானே சுட்டேன். செத்த நாயோட தகட்டை மாட்டிக்கிட்டுத் திரியுதுன்னா, இதுக்கு உரிமம் இல்லன்னுதானே அர்த்தம்?"

"என்னை ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே!"

"‘கேள்வி கேட்காமல்’னு எழுதியிருக்கு சார். நீங்கதான் போடச் சொன்னதா ஆபீஸ்ல சொன்னாங்க."

தங்கச்சி வேலியோரம் நின்றிருந்தாள். இரண்டு காலிலும் செருப்பு.

அழுதேன். மறைக்க என்ன இருக்கிறது? வாய்விட்டு அழுதேன். வீட்டுக்காரி ஒரு டம்ளர் தண்ணீர் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனாள். ஐந்தாம் நம்பர் தகடு கம்மல் டப்பாவில் கிடந்தது. வளையம் வெட்டியிருந்தது. என் குறடுதான், இருந்த இடத்திலேயே மாட்டியிருந்தது.

மே 13, புதன்

யாரிடம் போய்ப் புகார் சொல்வது? சொன்னால் 43 எப்படி டப்பாவுக்கு வந்தது என்பதிலிருந்து ஆரம்பிக்க வேண்டும்.

மே 20, புதன்

ஆடுகள் சொல்பேச்சு கேட்பதில்லை. கிழக்கே விரட்டினால் மேற்கே போகின்றன. இன்று முழுக்க நாயாக ஓடினேன். முட்டி பூசணிக்காய் மாதிரி வீங்கிவிட்டது.

தங்கச்சி சொன்ன சொல் தவறுவதில்லை, ஆறு மணிக்கு வந்துவிடுகிறாள். வேலைகளை முடித்துவிட்டு வேலிமேல் ஏறி உட்கார்ந்து பார்ப்பாள். மத்தியானம் பத்து ஆடுகள் பிரிந்து ஓடையைப் பார்த்துப் போயின. நான் மூச்சு வாங்க நின்றேன்.

"இடது பக்கம், அண்ணா" என்றாள். மெதுவாகத்தான் சொன்னாள்.

ஓடினேன்.