தரையில் இருபத்தேழு டிகிரி

என் வாலுப்பெண்ணுக்கு அப்பா எழுதுவது. வேளாவேளைக்குச் சாப்பிட்டு, சளி இருமல் இல்லாமல் இருப்பாய் என்று நம்புகிறேன். இங்கே நானும் எட்டுக் கோழிக்குஞ்சும் இருக்கிறோம். எங்கள் க்ஷேமத்தைத்தான் உன் மாமா ஏற்கனவே உனக்கு ஒலிபரப்பிவிட்டாரே. போன ஞாயிறு வந்தவர் செருப்பைக்கூடக் கழற்றாமல் நேரே படுக்கையறைக்குப் போய், அம்மாவின் பீரோ பக்கத்தில் அட்டைப்பெட்டியும் பல்பும் குஞ்சுகளும் இருப்பதைப் பார்த்துவிட்டு, என்ன மாப்ள பெட்ரூமைப் பண்ணையாக்கிட்டீங்க என்றார். தெருமுனை திரும்புவதற்குள் உனக்குப் போன் போட்டு, உங்கப்பாவுக்கு மறை கழண்டுடுச்சு என்று சொல்லியிருக்கிறார். நீயும் என்னை ஒரு வார்த்தை கேட்காமல், வருஷக் கடைசிப் பரீட்சையை விட்டுவிட்டு வர டிக்கெட் போட்டிருக்கிறாய். யாரைக் கேட்டுப் போட்டாய்? போனில் பேசினால் கத்திவிடுவேன், அதனால்தான் எழுதுகிறேன்.

குஞ்சுகளை நான் வாங்கவில்லை, அம்மாதான் சொல்லி வைத்திருக்கிறாள். ஜுரத்தில் படுப்பதற்கு முன்பே பண்ணைக்காரரிடம் பத்து வேண்டும் என்றிருக்கிறாள், என்னிடம் மூச்சுவிடவில்லை. அவள் போய் நாலு மாசம் கழித்து அந்த மனிதர் வாசலில் பெட்டியோடு நின்று, லேட்டாயிடுச்சுங்க, அக்கா இல்லீங்களா என்று கேட்டார். வெளிய போயிருக்கா என்றேன். ஏன் அப்படிச் சொன்னேன் என்று நீயும் கேட்காதே. வெளியே பூனை, ஹாலில் காற்று, இந்த வீட்டில் கதவு இறுக்கமாகச் சாத்துவது படுக்கையறை ஒன்றில்தான். பெட்டியில் மரத்தூள் பரப்பி, பல்பு தொங்கவிட்டு, சூடு ஏறினால் பல்பை அணைத்து இறங்கினால் போடுகிற தெர்மோஸ்டாட்டும் மாட்டினேன். முதல் வாரம் முப்பத்தைந்து டிகிரி இருக்க வேண்டும். ஃபாக்டரியில் பதினேழு வருஷமாக அளவுக் கருவிகளைச் சரிபார்க்கிறவன் நான், அரை டிகிரிகூடப் பிசகாது. ஆனால் பத்துக் குஞ்சும் ஒரே மூலையில் ஒன்றின்மேல் ஒன்று ஏறிக்கொண்டு கத்தின. கீழ்வீட்டுத் தையல்கார அக்கா சத்தம் கேட்டு வந்து, அதுங்களுக்குக் குளிருதுங்க என்றார். மீட்டரைக் காட்டினேன், முப்பத்தைந்து. மீட்டரா கத்துது, குஞ்சுங்கதானே கத்துது என்றார். மீனுக்கு நீந்தச் சொல்லிக்கொடுக்க வந்துவிட்டார் என்று நினைத்து, முகத்துக்கு நேரே கதவைச் சாத்தினேன். மறுநாள் காலையில் இரண்டு குஞ்சு அடியில் நசுங்கிக் கிடந்தன. அப்புறம்தான் பார்க்கிறேன், தெர்மோஸ்டாட்டுக்குச் சூட்டை அளந்து சொல்கிற சென்ஸாரைப் பல்புக்குப் பக்கத்தில், பெட்டிச் சுவரில் பாதி உயரத்தில் ஒட்டியிருக்கிறேன். தரைக்கு இறக்கினேன். இருபத்தேழு. கருவி ஒரு தப்பும் செய்யவில்லை, நான் வைத்த இடம்தான் தப்பு. சென்ஸாரைக் கீழேயே ஒட்டின அரைமணியில் மிச்சம் எட்டும் பரவி நின்று தீனி கொத்தின. எனக்குச் சந்தோஷம் வரவில்லை. பெட்டியை எட்டி உதைக்கத்தான் தோன்றியது.

ஜுரம் இறங்கின பிறகு அம்மாவும் சொன்னாள். எனக்கு என்னவோ சரியில்லீங்க, உள்ளுக்குள்ள நடுங்குது, பிள்ளைய வரச் சொல்லுங்க என்று மூன்று நாள் சொன்னாள். நான் அவளிடமே தெர்மாமீட்டரைக் காட்டினேன், லேப் ரிப்போர்ட்டைப் படித்துக் காட்டினேன். உனக்குப் போன் பண்ணி, எல்லாம் நார்மல், நீ வர வேண்டாம் என்றேன். நீ நம்பினாய். நீ வந்து சேர்ந்தபோது அவள் இல்லை. டாக்டர்மேல் கோபப்பட்டுப் பார்த்தேன், மாமாமேல் கோபப்பட்டுப் பார்த்தேன், எதுவும் ஒட்டவில்லை. உன்மேல்தான் அதிகக் கோபம். ஏனென்றால் நீ என்னை ஒரு வார்த்தை திட்டவில்லை. பரவாயில்லப்பா, நீங்க என்ன பண்ணுவீங்க என்கிறாய். யாரோ ஒருத்தர் வீட்டுக்கு வந்த மாதிரி குடித்த டம்ளரைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு ஊருக்குப் போனாய். ரிமோட்டுக்காக என் கையைக் கடித்தவள் நீ, தழும்பு இன்னும் இருக்கிறது. அந்தக் கழுதை எங்கே போனாள்? இப்போது என்னைப் பார்த்துக்கொள்ள வருகிறாயாம். நாற்பத்திரண்டு வயசு எனக்கு, நான் என்ன தொட்டில் பிள்ளையா?

நான் நன்றாக இல்லை. சமையலறையில் நின்றுகொண்டே சாப்பிடுகிறேன். வேலையில் கேட்டதற்கு மட்டும் பதில் சொல்கிறேன். போனில் உன்னிடம் சொன்னதெல்லாம் சும்மா. இதை மாமா வாயால் கேட்பதற்கு முன்னால் என்னிடம் கேட்டிருக்கலாம், கேட்டிருந்தால் மறைத்திருப்பேன் என்பதும் உண்மைதான். ஆனால் அதற்காக நீ ஒரு வருஷத்தைத் தொலைக்கக் கூடாது. டிக்கெட்டைத் தள்ளிப் போடு, கடைசிப் பரீட்சைக்கு மறுநாள் கிளம்பு. என்னைத் தேற்ற வராதே. ஏன்ப்பா என்னைக் கூப்பிடல என்று கேட்க வா. எத்தனை நாள் கேட்டாலும் எதிரே உட்கார்ந்திருப்பேன், ரிப்போர்ட்டை எடுத்துக் காட்டமாட்டேன், குறுக்கே பேசமாட்டேன்.

நீண்ட ஆயுசோடும் நல்ல புத்தியோடும் உன் பழைய வாயோடும் நன்றாக இரு. வெளியே போகும்போது காதை மூடிக்கொள். மாற்றின தேதியை மாமாவுக்கு இல்லை, எனக்குச் சொல்.

கோபம் தீராத,
உன் அப்பா