பெட்டி யாருடையது

இன்று காலை சேக்காட்டில் எங்கள் தெருவுக்குக் குடத்து ஓட்டை அடைக்கிறவர் வந்தார். ஈயம் உருகிக் குங்கிலியம் புகைந்தபோது உன் வீட்டுக் கூடத்தில் ரேடியோவுக்குக் கம்பி பற்றவைக்கும் உன்னருகே உட்கார்ந்திருப்பதுபோல் இருந்தது. அடுத்த நொடியே எழுந்து வாசல் கதவைச் சாத்தினேன். உலகச் சண்டை முடிந்துவிட்டது, நீயும் போய்விட்டாய். எனக்குப் பயம் மட்டும் போகவில்லை.

நீ ரயில்வேயில் தந்தி அடிக்கிறவன். நான் பள்ளிக்கூடத்தில் சயின்ஸ் வாத்தியார். லைசென்ஸ் வாங்கி, சொந்தக் கையால் ரேடியோப் பெட்டி கட்டி, ஊர் விட்டு ஊர் பேசிக்கொண்டோம். ஞாயிறு காலையில் சென்னீர்குப்பத்திலிருந்து நீ வரிசையாக அழைப்பாய். நாங்கள் நாலு பேர், அவரவர் வீட்டிலிருந்து, புள்ளியும் கோடுமாகப் பதில் சொல்வோம். கோயில் மணி அடித்தாலும் நான் எழுந்திருக்க மாட்டேன்.

சண்டை வந்ததும் பெட்டிகளை ஒப்படைக்கச் சொல்லி உத்தரவு வந்தது. நீ மறுநாளே கொடுத்துவிட்டாய். நான் பழைய பெட்டியைக் கொடுத்துவிட்டு, இரண்டு வருஷம் உட்கார்ந்து கட்டிய புதியதை மறைத்தேன். ஆவடியில் பட்டாளம் வந்து இறங்கியதும் என்னால் தூங்க முடியவில்லை. உன்னிடம்தான் ஓடி வந்தேன்.

"என் ஊட்டுக் கொட்டாயில போட்டுட்டுப் போ வாத்தியாரே. வைக்கோலுக்குள்ள எவன் தேடப்போறான்?" என்றாய். உன் மனைவிக்குக்கூட நீ சொல்லவில்லை.

யாரோ மொட்டைக் கடுதாசி போட்டுவிட்டார்கள். அன்று மத்தியானம் உன்னைப் பார்க்க சைக்கிளில் வந்தவன், வாசலில் போலீஸ் மோட்டாரைக் கண்டதும் திரும்பியிருக்கலாம். சைக்கிளைப் பிடித்தபடி நின்றுவிட்டேன். என் பெட்டியை இரண்டு கான்ஸ்டபிள்கள் கொட்டகையிலிருந்து தூக்கி வந்தார்கள்.

"யாருதுய்யா இது?" என்றார் இன்ஸ்பெக்டர்.

"என்துதான் சார்" என்றாய் நீ.

பிறகு அவர் என் பக்கம் திரும்பினார். "நீ யாரு?"

"பால்... பால் கேட்டு வந்தேன் சார்."

நீ என்னைப் பார்த்தாய். முகம் மாறவே இல்லை. "ஆமா சார், பாலுக்கு வந்தவரு. இன்னிக்கு மாடு கறக்கல, நீங்க போங்க" என்றாய். முதல் தடவையாக என்னை 'நீங்க' என்றாய். பூந்தமல்லி வரைக்கும் சைக்கிளை மிதித்தேன்; ஒரு தடவைகூடத் திரும்பிப் பார்க்கவில்லை.

ஆறு மாதம் கழித்து ஜெயிலிலிருந்து வந்தாய். வேலை போயிருந்தது, நெஞ்சில் இருமல் தங்கியிருந்தது. உன் வீட்டுக்கு வந்து மன்னிப்புக் கேட்க வாயெடுத்தேன். "உடு வாத்தியாரே. நீ வாயத் தொறந்திருந்தா ரெண்டு ஊடும் பூட்டிருக்கும்" என்றாய். அப்போது பெங்களூர் ரோட்டில் ஒரு லாரி வந்தது. நீ சட்டென்று எழுந்து சுவரோடு ஒட்டி நின்றாய். லாரி கடந்துபோன பிறகும் நீ உட்காரவில்லை. அந்த இருமலிலேயே அடுத்த மழைக்காலத்தில் போய்ச் சேர்ந்தாய்.

போன வாரம் உன் மனைவியிடம் உண்மையைச் சொல்லிவிடுவது என்று போனேன். மோர் கொடுத்தாள். "நீங்க அன்னிக்கே பொட்டியக் குடுத்துட்டீங்கண்ணே. இந்த மனுசனுக்குத்தான் அந்தப் புத்தி இல்லாம பூட்ச்சி. எங்களப் பத்தி நெனச்சாரா?" என்று உன்னைத் திட்டி அழுதாள்.

சொல்ல வேண்டிய நேரம் அதுதான். மோர்த் தம்ளரைக் கீழே வைத்தேன்.

"ஆமாம்மா" என்றேன்.

பால் கேட்டு வந்தேன் என்ற அன்றைக்காவது என் முன்னால் ஒரு இன்ஸ்பெக்டர் நின்றுகொண்டிருந்தார்.