மிலிட்டரி லாரியின் கொம்பு மூடி

ஆமத்தூர்
11.3.2007

அன்பு மகள் எழிலுக்கு அப்பா எழுதுவது. இங்கே நானும் உன் அம்மாவும் சுகம். அங்கே நீயும் மாப்பிள்ளையும் பேரனும் பனியில் வழுக்கி விழாமல் சுகமாக இருக்க நம் கருப்பசாமி துணை. வெயில் இப்போதே மண்டையைப் பிளக்கிறது, பட்டாசுக் கம்பெனிகளில் மதியத்தோடு வேலையை நிறுத்திவிடுகிறார்கள், உன் சித்தி மாடத்தி நேராக நம் வீட்டுக்கு வந்து உன் அம்மாவுக்குத் தூபம் போடுகிறாள். எல்லாம் என் லாரியைப் பற்றித்தான்.

போனில் உன் அம்மா சொன்னதை நம்பாதே. அது ஓட்டை லாரி இல்லை, சண்டைக்குப் போன டாட்ஜ் மிலிட்டரி லாரி. மல்லாங்கிணறில் ஒரு சம்சாரி தோட்டத்தில் கோழிக்கூடாகக் கிடந்ததை மீட்டு வந்தேன். கூடவே வந்த ஒரு கோழி இன்னமும் டிரைவர் சீட்டில்தான் முட்டையிடுகிறது, அது வேறு விஷயம். இன்ஜினை இறக்கி ஏற்றி, பச்சைப் பெயிண்ட் அடித்து, எல்லாம் முடிந்து ஒரே ஒரு சாமானுக்காக வண்டி நின்றது, டிஸ்ட்ரிபியூட்டர் மூடி. உள்ளங்கை அளவில் கறுப்பாக, மேலே கொம்பு கொம்பாக நீட்டிக்கொண்டிருக்கும், அதிலிருந்துதான் பிளக்குகளுக்குக் கரண்டு போகும். பழையது கீறல் விட்டுவிட்டது. பங்குனிப் பொங்கலுக்குள் வண்டி தானாக நகரவில்லை என்றால் இரும்புக்கடையில் எடைக்குப் போடுவேன் என்று உன் அம்மா கெடு வைத்துவிட்டாள். லாரி பிறந்த அமெரிக்காவிலேயே நீ இருக்கிறாயே, உன்னிடம் கேட்கலாம் என்றேன். பச்சைப்பிள்ளைக்காரியைப் பழைய இரும்பு தேடி அலையவிட்டால் தான் மனுஷியாக இருக்க மாட்டேன் என்றாள்.

மதுரையெல்லாம் அலைந்தேன். மேலிருந்து பார்த்தபடி மூடியை வரைந்து கோயம்புத்தூரில் ஒரு பட்டறைக்கு ஃபேக்ஸ் விட்டேன், பட்டறைக்காரர் போனில் கூப்பிட்டுப் பணியாரச்சட்டி இரும்பில் வேண்டுமா நான்ஸ்டிக்கா என்று கேட்டார். கடைசியில் விருதுநகரில் ஸ்பேர் கடை வைத்திருக்கும் செய்யது அபுதாஹிர் பாய்தான் ஜலந்தரில் விசாரித்து வரவழைத்தார். உடையாமல் இருக்கக் காலி சரவெடிப் பெட்டியில் வைத்துக் கொடுத்தார். பஸ்ஸில் வெடி ஏற்றக் கூடாது என்று கண்டக்டர் இறக்கிவிட்டான், திறந்து காட்டினால் புது மாதிரி வெடியா என்கிறான்.

புதுச் சாமானைச் சாமி காலடியில் வைத்து எடுத்துத்தானே மாட்டுவோம். ஆனைக்குட்டத்தில் நம் கருப்பசாமி கோயிலில் பூசாரி மொக்கைச்சாமியிடம் கொடுத்துவிட்டுத் தேங்காய் வாங்கப் போனேன். திரும்பி வந்தால் மூடி, சந்தனம் பூசிப் பூச்சுற்றி, சாமி தலையில் இருக்கிறது. நேர்த்திக்கடனுக்குக் கிரீடம் கொண்டுவந்தேன் என்று நினைத்துவிட்டார். சின்னச் சாமிதானே, அளவெடுத்துச் செய்தது போலப் பொருந்திவிட்டது. அழகாகத்தான் இருந்தது எழில், ஆனாலும் அது வண்டிச் சாமான், இறக்கித் தாருங்கள் என்றேன். சாமி தலையில் ஏறியதை மனுஷன் இறக்கக் கூடாது, பூக்கட்டிப் பார்ப்போம் என்றார். இரண்டு பூவைத் தனித்தனிப் பொட்டலமாக மடித்துப் போட்டு ஒன்றை எடுப்பது, வெள்ளைப் பூ வந்தால் எனக்கு, சிவப்பு வந்தால் சாமிக்கு. சிவப்பு வந்தது. கெஞ்சி மறுபடி போடச் சொன்னேன், மறுபடியும் சிவப்பு. மற்றப் பொட்டலத்தில் நிஜமாகவே வெள்ளைப் பூதான் இருக்கிறதா என்று பிரித்துப் பார்த்தேன், இருந்தது. அதிலிருந்து பூசாரி என்னோடு பேசுவதில்லை.

வண்டி போச்சு என்றுதான் வீட்டுக்கு வந்தேன், அழுகையே வந்துவிட்டது. சித்தி இரும்புக்கடைக்காரனுக்குச் சொல்லிவிட எழுந்தாள். உன் அம்மா மட்டும் கோயிலுக்குப் போய் நேரில் பார்த்தாள். கன்னத்தில் போட்டுக்கொண்டு வந்து, சாமிக்குக் கிரீடம் கொடுத்த வண்டியை எடைக்குப் போட்டால் குடும்பம் விளங்குமா என்று சித்தியை ஒரு பிடி பிடித்தாள். கெடு ரத்து. இப்போது வெள்ளிக்கிழமைதோறும் லாரிக்கும் கோழிக்கும் திருநீறு பூசுகிறாள்.

பேரனுக்குக் காதை மூடித் துணி கட்டு, நீ வேளைக்குச் சாப்பிடு. மூவரும் நோய்நொடி இல்லாமல் நன்றாக இருங்கள். உன் அம்மா பக்கத்தில் உட்கார்ந்து எழுதச் சொல்கிறாள்: "அங்கன அந்த மூடி கெடச்சா ஒண்ணு வாங்கி அனுப்பச் சொல்லுங்க. கருப்பசாமி பக்கத்துல ராக்காச்சியம்மன் வெறுந்தலையோட நிக்கா, அவளுக்குக் கோவம் வராதா?"

அவள் காப்பி போட எழுந்து போயிருக்கிறாள். எழில், இரண்டாக வாங்கு. ஒன்றை வீட்டுக்கு அனுப்பு. இன்னொன்றை வண்டிக்கென்று பாய் கடை விலாசத்துக்கு, அம்மாவுக்குத் தெரியாமல் அனுப்பு தாயி. நம் கோயிலில் மொத்தம் இருபத்தொரு சாமி இருக்கிறது.

உன் அன்பு அப்பா,
சீனிச்சாமி