தைக்காமல் வைத்திருக்கும் பேன்ட்

அன்புள்ள தம்பிக்கு,

இது உன் கைக்கு வரும்போது நீயும் பிள்ளைகளும் நன்றாக இருக்க வேண்டும். போனில் இரண்டு வார்த்தைக்குள் "வேலை இருக்குண்ணே" என்று வைத்துவிடுகிறாய். அதனால்தான் எழுதிக் கூரியரில் அனுப்புகிறேன். முதலில் எழுதிய இரண்டு தாளைக் கிழித்துப் போட்டேன்.

ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. வயிற்றுக்குள் ஓடும் பெரிய ரத்தக்குழாய் வீங்கியிருந்ததல்லவா, தொடை இடுக்கு வழியாக நுழைந்து அதற்குள் ஒரு துணிக்குழலைப் பொருத்திவிட்டார்கள். கோட்டின் தையலைப் பிரிக்காமல் அதன் கைவழியாக உள்ளே லைனிங் துணி வைக்கிற மாதிரி. என் கடையில் எவனாவது அப்படிச் சொன்னால் சிரித்திருப்பேன். அன்று மாலையே சாப்பிட்டேன். மூன்றாம் நாள் வீடு.

அக்காவுக்குப் போன வருடம் இதே வீக்கத்துக்கு வயிற்றைத் திறந்தார்கள். ஐந்து நாள் குடல் அசையவில்லை. காற்றுப் பிரிந்ததா என்று டாக்டர் முதல் தரை துடைப்பவர் வரை விசாரித்தார்கள். மூன்று மாதம், தலையணையை வயிற்றில் அழுத்தாமல் அவளால் இரும முடியவில்லை. இப்போது என்னைப் பார்த்து, "ரெண்டு பொட்டுக் காயம், நீயெல்லாம் ஆபரேஷன் பண்ணவனாடா?" என்கிறாள்.

நானும் அப்படித்தான் நினைத்தேன். நான்காம் நாளே கடைக்குப் போய் மெஷினில் உட்கார்ந்தேன். மதியம் குளிர்காய்ச்சல் தூக்கிப் போட்டது. உன் அண்ணி திட்டிக்கொண்டே ஆஸ்பத்திரிக்கு இழுத்துப் போனாள். ரத்தத்தில் வெள்ளை அணுக்கள் ஏறியிருந்தன, கிருமி இல்லை. உள்ளே வைத்த துணியோடு உடம்பு மல்லுக்கு நிற்கிறது, தானாக அடங்கும் என்றார் டாக்டர். அடங்கியது. அக்காவின் உடம்பு பட வேண்டியதை ஒரேயடியாகப் பட்டு முடித்துவிட்டது. எனக்கோ லைனிங் ஓரம் கசிகிறதா என்று வருடாவருடம் ஸ்கேன். வயிறு கடமுடா என்றாலே கை அங்கே போகிறது.

சொல்ல வந்தது இது இல்லை. அக்காவுக்கும் இருந்தது என்றதும், "கூடப் பிறந்தவங்க இன்னும் யாராவது இருக்காங்களா?" என்று டாக்டர் கேட்டார். இருக்கிறான், ஒல்லி என்றேன். ஒல்லியானவர்களுக்குச் சில சமயம் தொப்புளருகே விரல் வைத்தாலே துடிப்பு தெரியும், ஆனால் எல்லாத் துடிப்பும் வீக்கம் இல்லை, ஸ்கேன்தான் சொல்லும் என்றார்.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. நீ வந்திருந்தபோது பேன்ட்டுக்கு அளவெடுத்தேனே, அந்த இடத்தில் டேப் என் விரலுக்கடியில் துள்ளியது. "பசி குதிக்குதுடா" என்று கிண்டல் பண்ணினேன். நீயும் சிரித்தாய். நாற்பது வருடமாக டேப் பிடிக்கிற கைக்கு இது தெரிந்திருக்க வேண்டாமா?

உன் பேன்ட்டை வெட்டி வைத்திருக்கிறேன், தைக்கவில்லை. எடுக்கிறேன், மறுபடி மடித்து வைத்துவிடுகிறேன். வயிற்றுக்கு ஒரு ஸ்கேன் எடுடா. ஜெல் தடவிப் பத்து நிமிடம், வலிக்காது. வேலை ஓடிப்போகாது. அதுவரை பாரம் தூக்காதே, வீக்கம் இருந்தால் வெடிக்கக்கூடுமாம். திறப்பதா நுழைவதா என்பதைப் பிறகு பார்ப்போம். ஒன்றுமில்லை என்று வந்தால் உன் அண்ணனைப் பயந்தாங்கொள்ளி என்று எல்லோரிடமும் சொல்லிச் சிரி.

இடுப்பில் இரண்டு அங்குலம் துணி கூடவே விட்டிருக்கிறேன். தொப்பை போட்டு, அதைப் பிரித்துத் தரச் சொல்லி நீ என்னிடம் வர வேண்டும்.

உன் பதிலுக்காக வாசலையே பார்த்திருக்கும்
அண்ணன்