போயிட்டு வரேன் என்றால் போறேன் என்று அர்த்தம்

அன்புள்ள பெரிய மகளுக்கு,

அம்மாவின் மடியில் யாரோ ஒருவருடைய கால்சட்டையும் வாயில் இரண்டு குண்டூசியும் இருப்பதால், அவள் சொல்லச் சொல்ல உன் தங்கை எழுதுவது. நாங்கள் மூவரும் சுகம், மூக்குகள் மட்டும் சுகமில்லை. ஹாஸ்டலில் நீ சுகமா, நேரத்துக்குச் சாப்பிடுகிறாயா, தலைக்கு எண்ணெய் வைக்கிறாயா என்று ஒரே மூச்சில் கேட்கிறாள், மூன்றுக்கும் ஆமாம் என்று எழுதிவிடு, அதுதான் உனக்கு நல்லது.

வந்து பதினெட்டு நாளாகிறது. இந்த நாட்டைப் பற்றி அம்மாவின் கருத்து, என்னத்த பெரிய நாடு என்பதுதான். வீடு என்று கொடுத்திருப்பது ஓர் அறை, யாரையாவது அறைய வேண்டுமென்றால் கை வீசக்கூட இடமில்லாத அறை. கதவு தானாகப் பூட்டிக்கொள்கிறது, நாம் மாட்டிக்கொள்கிறோம். குளியலறை நடையின் கோடியில். குளித்துவிட்டு வந்த அப்பா துண்டோடு முக்கால் மணி நேரம் வெளியே நின்றார். போகிற வருகிறவர்கள் எல்லாரும் சிரித்துவிட்டுப் போனார்களே தவிர, என்னய்யா ஆச்சு என்று ஒருத்தர் கேட்கவில்லை. அன்றிலிருந்து குளிருக்கும் குளியலுக்கும் ஆகாது என்று சொல்லி ஞாயிற்றுக்கிழமை மட்டும் குளிக்கிறார். அம்மா வெங்காயம் வதக்கினால் பக்கத்து அறைக்காரி ஜன்னலைச் சாத்துகிறாள். அவள் செய்வதற்கு வாசனையே கிடையாது, அது சமையலா சலவையா என்று அம்மாவுக்குச் சந்தேகம்.

விஷயத்துக்கு வருகிறேன். ஒரு தையல் கடையில் அம்மாவை ஒரு வாரம் வேலை பார்த்துக் காட்டச் சொன்னார்கள். பிடித்துப்போய் வேலைக் கடிதம் கொடுத்தால்தான் உன்னை இங்கே வரவழைக்க மனுப் போட முடியும். முதலாளிக்குப் பட்டன் என்று பெயர் வைத்திருக்கிறேன், இரண்டு கண்ணும் அவ்வளவுதான். ஜிப் மாற்றுவது, ஓரம் மடிப்பது எல்லாம் அம்மாவுக்கு ஊதித் தள்ளுகிற வேலை, அவர்கள் பேச்சுதான் வராது, எங்கள் மூவரில் எனக்குத்தான் அது கொஞ்சம் வரும். கிளம்பும்போது என்ன சொல்வது என்று கேட்டாள், போயிட்டு வரேன் என்பதை அவர்கள் மொழியில் வார்த்தைக்கு வார்த்தை மாற்றிக் கொடுத்தேன். சத்தியமாக விளையாட்டில்லை. முதல் நாள் அதைச் சொல்லிவிட்டு அம்மா வீட்டுக்கு வந்துவிட்டாள். திரும்பி வருவாள் என்று அந்த மனிதர் ஷட்டரைப் பாதி இறக்கிவைத்து ஒன்றரை மணி நேரம் உட்கார்ந்திருக்கிறார்! மறுநாள் என்னை வரவழைத்து, போறதுன்னா போறேன்னு சொல்லணும், இன்னொரு தடவை இப்படின்னா வேலை கிடையாது என்று கத்தினார். நான் பாதியைத்தான் மொழிபெயர்த்தேன், அதற்கே அம்மா கொதித்துவிட்டாள். போறேன்னு சொல்ல நான் என்ன செத்தா போறேன், இந்த ஊர்ல மனுஷங்க கிளம்புறாங்களா காலாவதி ஆகுறாங்களா என்றாள். அதை நான் மொழிபெயர்க்கவே இல்லை.

அதற்கப்புறம் பார்க்க வேண்டுமே. போறேன் என்று சொல்லவும் மாட்டாள், சொல்லாமல் கிளம்பவும் மாட்டாள், அதனால் எழுந்திருப்பதே இல்லை. அவர் கோட்டை மாட்டினால் இவள் இன்னொரு கால்சட்டையை எடுத்துக்கொள்வாள். நாலு நாள் பொறுத்த பட்டன் நேற்று சாவியை மேசையில் வைத்து, நீயே பூட்டிக்கோ என்று சைகை காட்டிவிட்டுப் போய்விட்டார். போயிட்டு வாங்க என்று தமிழிலேயே சொன்னாளாம். இன்று காலை வேலைக் கடிதத்தில் கையெழுத்தும் போட்டுவிட்டார். சாவி இவளிடம் இருக்கும்போது வேறு என்ன செய்வார்.

அதன் நகலை இதோடு வைத்திருக்கிறேன். பாஸ்போர்ட் நகலும் நாலு போட்டோவும் உடனே அனுப்பு. போட்டோவில் சிரித்தால் திருப்பி அனுப்புகிறார்களாம், கொழுப்பைப் பார்.

இந்த இடத்தில் அம்மா ஊசியை நிறுத்திவிட்டாள். ஏர்போர்ட்ல அவகிட்டயும் போயிட்டு வரேன்னுதான் சொல்லிட்டு வந்தேன், அதை நம்பி உட்கார்ந்திருக்கப் போறா, என்னால இப்ப வர முடியாது, நீ வந்துடு கண்ணுன்னு எழுதுடி என்கிறாள். எழுதிவிட்டேன். நோய்நொடி இல்லாமல் நன்றாக இரு என்று இருவரின் ஆசீர்வாதம். போட்டோவை மறக்காதே.

இப்படிக்கு,
வாய் அம்மா, கை தங்கை, தலையாட்டல் அப்பா.