பிரித்துக் காட்டிய ஸ்வெட்டர்

அக்கா,

இன்று காலையிலிருந்து வாசல் கொடியில் நூல் காய்கிறது. மலைப் பள்ளிக்கூடத்திலிருந்து போன வருடத்து ஸ்வெட்டர்கள் மூட்டையாக வந்து இறங்கியிருக்கின்றன. பிரித்த நூல் நெளிநெளியாகச் சுருண்டு கிடக்கும். துவைத்து, நுனியில் கல்லைக் கட்டித் தொங்கவிட்டால்தான் நேராகும். சோப்பும் ஈர உல்லனும் கலந்த அந்த வாசனைக்கு நடுவே நின்றபோது, கொடிக்கு அந்தப் பக்கம் நீங்கள் யாரையோ கிண்டல் செய்துகொண்டிருப்பது போல இருந்தது. அதனால்தான் எழுதுகிறேன்.

அண்ணனுக்கு வாழ்க்கைப்பட்டு நீங்கள் அந்த வீட்டுக்கு வந்தீர்கள். சில வருடம் கழித்துத் தம்பிக்கு வாழ்க்கைப்பட்டு நான் வந்தேன். ஓரகத்திகள் இருவரும் எப்போது சண்டை போடுவார்கள் என்று கச்சிராயபாளையத்தில் எங்கள் தெருவே காத்திருந்தது. நீங்கள் கரும்பு வெட்டப் போனீர்கள். நான் கணிதம் படித்துவிட்டு வேலை கிடைக்காமல் வீட்டில் இருந்தேன். என் பெயரை நீங்கள் ஒருநாளும் சொன்னதில்லை. உங்களுக்கு நான் ‘பி.எஸ்சி.’தான்.

கள்ளக்குறிச்சியில் பெண்களுக்குப் பின்னல் மிஷின் பயிற்சி தருகிறார்கள் என்று கேள்விப்பட்டு, ஒருநாள் நேராகப் போய்ச் சேர்ந்துவிட்டு வந்தீர்கள்.

“ஏ பி.எஸ்சி., உன் பேரையும் குடுத்துட்டேன்.”

“இன்னாக்கா, என்னக் கேக்காமயா?”

“கேட்டா நீ யோசிச்சிக்கினே இருப்ப. அதுக்குள்ள கிளாஸ் முடிஞ்சிடும்.”

சொல்லித்தர வந்த மேடம் நம்மைவிட வயதில் சின்னவர். நெசவில் நீளவாக்கில் ஒரு நூலும் குறுக்கே ஒரு நூலும் வேண்டும். பின்னலில் ஒரே நூல்தான், அது தன்னைத்தானே வளைத்துக் கண்ணி கண்ணியாகக் கோத்துக்கொண்டு போகிறது என்றார். அதனால்தான் பனியன் இழுத்தால் நீள்கிறது, விட்டால் திரும்புகிறது. ஒவ்வொரு ஊசியின் நுனியிலும் ஒரு கொக்கி, அதை மூடித் திறக்க ஒரு சின்ன நாக்கு. ஊசிகளின் மேல் நூலோடு இப்படியும் அப்படியும் ஓடும் பிடிக்கு ‘வண்டி’ என்று பெயர். அதைத் தள்ளும்போது ஊசி முன்னே போய்ப் புது நூலைப் பிடிக்கும். திரும்புகிறபோது பழைய கண்ணி அந்த நாக்கை மூடிக்கொண்டு அதைத் தாண்டி விழும். வரிசையாக நூற்றுக்கணக்கான ஊசிகள் இப்படி எழுந்து அமர்வதை நான் எண்ணத் தொடங்கினேன். நீங்கள் குனிந்து உற்றுப் பார்த்துவிட்டுச் சொன்னீர்கள்: “நாக்கு சரியா மூடலன்னா எல்லாம் கெட்டுப்போவுது பாரு. நம்ம வூட்டு மாதிரியேதான்.” மேடம் சிரித்ததில் அன்று பாடம் பாதியில் நின்றது.

ஸ்வெட்டர் செய்ய இரண்டு வழி உண்டு. நீளமாகத் துணி பின்னி, கத்தரியால் வெட்டித் தைப்பது ஒன்று. கைக்கும் கழுத்துக்கும் வேண்டிய இடத்தில் கண்ணியைக் கூட்டிக் குறைத்து, மிஷினிலேயே உருவம் கொண்டுவருவது இன்னொன்று. முதல் வழி சீக்கிரம் முடியும் என்றார் மேடம். “வெட்டறது எனக்குக் கரும்போட போதும்” என்று நீங்கள் இரண்டாவதைப் பிடித்துக்கொண்டீர்கள். எந்த வரிசையில் எத்தனை கண்ணி குறைக்க வேண்டும் என்ற கணக்கு என் பாடு. தள்ளுகிற தோள் உங்களுடையது.

பழைய மிஷின் ஒன்றை வாங்கி மாட்டுக் கொட்டாயில் போட்டோம். உங்கள் வீட்டுக்காரர், எனக்கு மூத்த மாமா, வாசலில் நின்று தீர்ப்புச் சொன்னார்: “மல மேல ஸ்கூல்ல ஸ்வெட்டர் கேட்டாங்கன்னு சொல்றீங்க. அது கெடச்சா பாக்கலாம். இல்லன்னா மிஷின வந்த வெலைக்குத் தள்ளிட்டு கொட்டாய்ல மாட்டக் கட்டிடுவேன்.” மாதிரிக்காகப் பின்னிக் காட்ட வேண்டிய அந்த ஒரே ஸ்வெட்டரில்தான் எல்லாம் தொங்கியது. அது போனால் உங்களுக்குத் திரும்பவும் கரும்புத் தோட்டம், எனக்குத் திரும்பவும் அடுப்படி.

பின்னும்போது துணி நேராக இறங்க அடியில் எடை மாட்டியிருப்போம் அல்லவா? இறக்கி, ஒரு ராத்திரி சும்மா பரப்பிவைத்த பிறகுதான் அளக்க வேண்டும் என்று வகுப்பில் சொல்லியிருந்தார்கள். முதல் துண்டு முழுசாக வந்த சந்தோஷத்தில் நாம் இருவருமே அதை மறந்தோம். எடையோடு தொங்கிய துணியிலேயே டேப்பை வைத்து அளந்தோம். அளவு அச்சாக இருந்தது. தைத்து மடித்து, மறுநாள் முதல் பஸ்ஸில் கல்வராயன் மலைக்கு எடுத்துப்போனோம்.

பள்ளிக்கூடத்தில் தலைமை சிஸ்டர் ஒரு பெண்ணைக் கூப்பிட்டுப் போட்டுப் பார்க்கச் சொன்னார். அவள் கையைத் தூக்கியதும் ஸ்வெட்டர் தொப்புளுக்கு மேலே ஏறி நின்றது. “ஸ்வெட்டர் கேட்டா ஜாக்கெட் கொண்டாந்திருக்கீங்களேம்மா” என்றார் சிஸ்டர். ஜன்னல் முழுக்கப் பிள்ளைகள் சிரித்தார்கள். அடுத்த பஸ் எப்போது என்றுதான் நான் யோசித்தேன்.

நீங்கள் எல்லோரையும்விடச் சத்தமாகச் சிரித்தீர்கள், அக்கா.

“தொங்கவிட்டு அளந்துட்டம் சிஸ்டர். எடைய எடுத்ததும் சுருங்கிக்கிச்சி. கழட்டு கண்ணு.” வாங்கி, தையலைப் பல்லால் கடித்து, துண்டுகளைத் தனியாக்கினீர்கள். முதுகுத் துண்டின் மேல் விளிம்பில் நூல் முனையைத் தேடிப் பிடித்து இழுத்தீர்கள். சர்ரென்று ஒரு வரிசை போயிற்று. பிறகு இன்னொன்று. சிரிப்பு அடங்கிவிட்டது. “கைய நீட்டு” என்று அந்தப் பெண்ணின் இரண்டு கைகளிலும் நூலைச் சுற்றத் தொடங்கியதும், நான் நான் என்று பிள்ளைகள் முண்டியடித்தார்கள். அத்தனை பேர் முன்னால் நம் ஒரு வார உழைப்பு காணாமல் போய்க்கொண்டிருந்தது. உங்கள் முகத்தில் கொஞ்சமும் வெட்கம் இல்லை.

“பாருங்க சிஸ்டர், ஒரு முழம் வீணாவாது. புள்ள வளந்தா அடுத்த வருசம் எடுத்தாங்க. இதே மாதிரிப் பிரிச்சி, புது நூல் கொஞ்சம் சேத்து, பெருசா போட்டுத் தர்றோம். கடைல வெட்டித் தச்சத இழுத்தா துண்டு துண்டாத்தான் வரும்.”

சிஸ்டர் நூல் பந்தைக் கையில் வாங்கி உருட்டிப் பார்த்தார். “அடுத்த வாரம் கொண்டாங்க. வயிறு மூடணும்.”

இறங்குகிற பஸ்ஸில் கேட்டேன்: “அக்கா, வளந்த புள்ளைக்கு அப்படிப் போட முடியுமா?”

“எனக்கு இன்னா தெரியும்? நீதான பி.எஸ்சி., கணக்கு போடு.”

போட்டேன். முடிந்தது. அடுத்த வாரம் வயிறும் மூடியது. மாமா வாங்கிய மாட்டை வேப்ப மரத்தடியில்தான் கட்ட வேண்டியிருந்தது. கொட்டாயில் இன்று மூன்று மிஷின் ஓடுகிறது. மலைப் பிள்ளைகள் வருடா வருடம் வளர, அவர்கள் ஸ்வெட்டரும் கூடவே வளர்கிறது.

நீங்கள் போனது பள்ளிக்கூட வேலை பாதியில் நின்ற கார்த்திகை மாதம். கருமாதி முடியும்வரை மிஷினைத் தொடக்கூடாது என்று சொந்தக்காரர்கள் சொன்னார்கள். நீங்கள் பாதி பின்னி விட்டுப்போன ஒரு ஸ்வெட்டர் கை, ஊசிகளில் அப்படியே தொங்கிக்கொண்டிருந்தது. அதன் எதிரே உட்கார்ந்திருந்தேன். மாமா வந்தார்.

“இன்னும் எவ்ளோம்மா பாக்கி?”

“பாதிக்கு மேல இருக்கு மாமா.”

“மேல குளிரு ஆரம்பிச்சிருக்கும். ஓட்டு.”

மிஷின் சத்தம் கேட்டதும் வாசலிலிருந்து ஒரு பெரியம்மா கத்தினாள்: “சாவு வூட்ல இன்னாடி மிஷினு?”

மாமா நகரவில்லை. “ஒரு தடவ இத நிறுத்தறேன்னு சொல்லி அவகிட்ட தோத்தேன் பெரீம்மா. ரெண்டாவது தடவ சொல்ல மாட்டேன்.”

உங்கள் கடைசி வரிசைக்கு மேல் என் முதல் வரிசை ஏறியது. சொன்ன நாளில் மூட்டை மலைக்குப் போனது.

இப்போது நாம் படித்த அதே பயிற்சி இடத்தில், வாரத்தில் சில நாள் நான் சொல்லித்தருகிறேன். போன மாதம் புதிதாக வந்தவர்கள் முன்னால் பின்னிக் காட்டும்போது நூல் விலகி, பாதிக் கண்ணிகள் ஊசியை விட்டு விழுந்துவிட்டன. முன்பிருந்த நானாக இருந்தால் மிஷினைக் குறை சொல்லியிருப்பேன். துணியை இறக்கி, முனையைத் தேடிப் பிடித்து, அத்தனை பேர் முன்னாலும் இழுத்தேன்.

“இன்னாங்க மேடம், போட்டதெல்லாம் போச்சே!” என்றாள் ஒருத்தி.

“எங்க போச்சு?” என்றேன். நூல் முழுக்க என் கையில்தான் இருந்தது.